டைமிங் யார் தருவது?

முன்பணமாக வாங்கிய 3 லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும். தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் தர வேண்டும். ஆப்பின் சோர்ஸ் கோடு முழுவதையும் ஏழு நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் சிவில், கிரிமினல் இரண்டு வழியிலும் நடவடிக்கை.

2024-ஆம் ஆண்டின் பிற்பாதியில் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் அலுவலகத்துக்கு இப்படியொரு வக்கீல் நோட்டீஸோடு வந்தார் ஓர் இளைஞர். சிதம்பரத்துக்காரர். கொரோனா காலத்தில் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தெற்கு வீதிப் பக்கம் ஒரு மாடியறையில் மென்பொருள் கம்பெனி நடத்துபவர். நோட்டீஸ் அனுப்பியவர்கள் கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் தடங்களில் வண்டி ஓட்டும் தனியார் பஸ் முதலாளிகள் நால்வர். இரு தரப்பும் சம்மதித்த அளவுக்குத்தான் எழுதுகிறேன், பெயர்கள் வேண்டாம்.

ஒப்பந்தத்தைக் கேட்டேன். முத்திரைத்தாளோடு சேர்த்து ஒன்றரைப் பக்கம். "பயணிகள் பஸ் எங்கே வருகிறது, எத்தனை மணிக்கு வரும் என்று செல்போனில் பார்த்துக்கொள்ளும்படி ஆப் தயாரித்துத் தருவது. தொகை 9 லட்சம். மூன்று சம தவணை. காலம் ஆறு மாதம்." இதற்கு மேல் உருப்படியாக எதுவும் இல்லை. யார் எதைக் கொடுக்க வேண்டும், முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது, அதன் பிறகு மாதாமாதம் ஆகும் செலவு யாருடையது, எதுவுமே இல்லை. இரண்டு சென்ட் மனைக்கு எழுதும் கிரய ஒப்பந்தத்தில் நான்கு எல்லையும் எழுதுகிற ஊர் இது.

எதிர்த்தரப்பு முதலாளிகளில் மூத்தவர் பின்னொரு நாள் கோர்ட் வளாகத்தில் என்னிடமே கேட்டார்: "கரூர்ல பாடி கட்டக் குடுத்தா ரெண்டு மூணு மாசத்துல முழு பஸ் வந்து நிக்குது வக்கீல் சார். ஃபோன்ல தெரியற படத்துக்குப் பதினாலு மாசமா?" கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நானும் என் கட்சிக்காரரிடம் முதல் நாளே அதைத்தான் கேட்டிருந்தேன். ஆறு மாசம் எங்கே போச்சு தம்பி?

அவர் லேப்டாப்பைத் திறந்தார். மென்பொருள் எழுதுகிறவர்கள் அன்றன்று எழுதியதைத் தேதி, மணியோடு 'கிட்' என்கிற ஏட்டில் சேமித்துவிடுகிறார்கள். கட்டட மேஸ்திரியிடமோ, கேட்டரிங்காரரிடமோ இப்படி ஒரு பதிவேடு கிடைக்க வக்கீல்கள் தவம் இருக்க வேண்டும். அதன்படி பார்த்தால் ஆப்பின் திரைகள், மேப், தமிழ் எழுத்து, தேடும் வசதி எல்லாம் முதல் பத்து வாரத்தில் ஏறக்குறைய முடிந்துவிட்டன. அதன் பிறகு பல வாரம் ஏட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பார்த்தால் "பத்து வாரத்துக்குப் பிறகு வேலையே செய்யவில்லை" என்று சொல்லிவிடுவார். உண்மையில் அந்த வாரங்களில்தான் மூன்று பேரும் படாத பாடு பட்டிருந்தார்கள், லேப்டாப்புக்கு வெளியே.

பஸ் ஆப் என்றால் என்ன என்று எனக்கு அவர் நடத்திய பாடம் இது. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து ஒரு கோப்பு வடிவத்தை உண்டாக்கின. இன்று உலகம் முழுக்க அதற்கு ஜிடிஎஃப்எஸ் என்று பெயர். அதில் படமோ மேப்போ கிடையாது, வெறும் அட்டவணைகள். எந்த நிறுத்தம் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த நடை எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு வரும், எந்தக் கிழமை ஓடும், எந்தக் கிழமை ஓடாது. இந்த அட்டவணை கையில் இருந்தால் கெட்டிக்காரப் பையன்கள் சில வாரத்தில் ஆப் கட்டிவிடலாம். இல்லாவிட்டால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஆப் வெறும் மேப்தான்.

கடலூர்–சிதம்பரம் தடத்துக்கு அந்த அட்டவணை எங்கே இருக்கிறது? நிறுத்தங்களில் இருந்தே தொடங்குவோம். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட், முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பெயர் சொல்லிவிடலாம். நடுவே போர்டே இல்லாத நிறுத்தங்கள் ஏராளம். கண்டக்டரும் ஊர்க்காரரும் மட்டும் அறிந்தவை. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கம்பெனி கேட், ஒரு வளைவு. முட்லூர் என்றால் பு.முட்லூரும் உண்டு, சி.முட்லூரும் உண்டு, கண்டக்டர் இரண்டுக்கும் "முட்லூர்" என்றுதான் குரல் கொடுப்பார். நான்குவழிச் சாலை வேலையில் நேற்று இருந்த நிறுத்தம் இன்று பாலத்துக்கு அடியில் போய்விடுகிறது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தில் தேர் ஓடும் நாளில் நான்கு வீதிப் பக்கம் பஸ் பாதையே மாறிவிடும். இவர்கள் மூவரும் முறை போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு விசிலுக்கும் ஃபோனில் ஒரு புள்ளி வைத்து நிறுத்தங்களைச் சேர்த்தார்கள். டிக்கெட் எடுத்துத்தான் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டிக்கெட்டுகள் எல்லாம் எங்கள் ஆவணக் கட்டில் இருந்தன.

நிறுத்தத்தைப் பஸ்ஸில் ஏறி எழுதிவிடலாம். நேரத்தை எழுத முடியாது. தனியார் பஸ்ஸுக்கு நேரம் என்பது பர்மிட்டில் உள்ளது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் டைமிங் கான்ஃபரன்ஸ் நடக்கும். முதலாளிகள் எதிரெதிராக உட்கார்ந்து ஒரு நிமிஷத்துக்கு ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். முன்னால் போகிற வண்டிக்கும் நம் வண்டிக்கும் இடையில் எத்தனை நிமிஷம் என்பதுதான் அன்றைய கலெக்‌ஷன். ஆகவே டைமிங் லிஸ்ட் ஒவ்வொரு முதலாளியிடமும் கட்டாயம் உண்டு. அதை என் கட்சிக்காரர் கேட்டார். முதல் மாதத்திலேயே வாட்ஸ்அப் குழுவில் பதில் வந்திருந்தது: "லிஸ்ட் நாளைக்கு அனுப்பறேன் தம்பி." அடுத்த மாதமும் அதே "நாளைக்கு." மூன்றாவது மாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ். "தம்பி, டைமிங்லாம் உனக்கு எதுக்கு? பஸ் எங்க வருதுன்னு காட்டுனா போதாதா? லிஸ்ட்ட வெளிய உட்டா ஆப்போசிட் வண்டிக்காரன் சும்மா இருப்பானா?"

இன்னொன்றும் இருந்தது. "ஞாயித்துக்கெழம கடைசி நடை எடுக்கறதில்லன்னு உனக்கே தெரியும். அத ஆப்புல போட்டு ஊரக் கூட்டிடாத."

இந்த இரண்டாவது மெசேஜைக் கேட்டதும் வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கூட்டம் இல்லாத நாளில் டீசல் போட்டு வண்டி எடுக்க முதலாளிக்கு மனம் வராது. ஆனால் பர்மிட்டில் அந்த நடை இருக்கிறது. பர்மிட் நிபந்தனையை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 86-வது பிரிவின்படி பர்மிட்டையே ரத்து செய்யலாம். நேரத்தையும் ஓட்டத்தையும் உள்ளபடி காட்டுகிற ஆப், முதலாளி தன் காசில் தனக்கு எதிராகத் தயாரித்துக்கொள்ளும் சாட்சி. அவர்கள் கேட்டது பயணிக்குப் பளபளப்பாகத் தெரியும் ஆப். கொடுக்க மனமில்லாதது அந்த ஆப்புக்குத் தேவையான உண்மை.

ஜிபிஎஸ் கதையும் இதே போலத்தான். ஏஐஎஸ்-140 தரத்தில் கருவியும் அவசரப் பொத்தானும் 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்குக் கட்டாயம். கருவி உள்ள வண்டிகளில் தகவல் கருவி விற்ற கம்பெனியிடம் போகிறது. பாஸ்வேர்டு முதலாளியிடம் இல்லை. நால்வருக்கும் வெவ்வேறு கம்பெனி. பழைய வண்டிகளில் சிம் போட்ட மலிவு ஃபோனை டிரைவர் சீட்டருகே மாட்டினார்கள். முன்னால் போகும் வண்டியைப் பிடிக்க வேகம் கூட்டும்போதெல்லாம் அந்த ஃபோன் தானாக அணைந்துவிடும் அதிசயமும் நடந்தது.

செலவைப் பார்ப்போம். மூவரும் தங்களுக்கு மாதம் ஆளுக்கு 30 ஆயிரம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். பதினான்கு மாதம் என்றால் 12 லட்சத்து 60 ஆயிரம். ஒப்பந்தத் தொகை முழுவதும் கிடைத்திருந்தாலும் சம்பளத்துக்கே போதாது. சர்வர் வாடகை தனி. கூகுள் மேப்பில் இடம் தேட, வழி கேட்க 2018-க்குப் பிறகு கட்டணம் வேறு விதமாக ஆகிவிட்டதால், பயணிகள் கூடக் கூட பில்லும் கூடும். அதற்குப் பயந்து இலவசமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்புக்கு மாறினார்கள். அதில் நம் பக்கத்துக் கிராமச் சாலைகள் பலவற்றை இவர்களே வரைந்து சேர்த்தார்கள். ப்ளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க 25 டாலர்தான். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் தொடங்கிய கணக்கென்றால் இருபது பேர் பதினான்கு நாள் தொடர்ந்து ஆப்பைச் சோதித்துப் பார்த்த பிறகே வெளியிட விடுவார்கள் (பிறகு 2024 டிசம்பரில் அது பன்னிரண்டு பேர் ஆனது). இவர் கணக்கு 2024 தொடக்கத்தில் சொந்தப் பெயரில் தொடங்கியது. கண்டக்டர்களையும், பல்கலைக்கழக மாணவர்களையும் கெஞ்சிக் கூத்தாடி இருபது பேர் சேர்த்தார். நடுவில் நான்கு பேர் ஆப்பைத் தூக்கிப் போட, மறுபடியும் முதலில் இருந்து. 9 லட்சம் என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுதியபோது இதில் ஒன்றையாவது யோசித்தாரா என்று கேட்டேன். "அண்ணனுங்க நம்ம ஊர்க்காரங்கதானேன்னு எழுதிட்டேன் சார்" என்றார்.

சட்டத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் டைமிங் யார் தருவது என்ற வரி இல்லை. ஆகவே எதிர்த்தரப்பு, "எல்லாம் சேர்த்துத்தான் 9 லட்சம், தகவல் திரட்டுவதும் அவர் வேலையே" என்று வாதிட இடம் இருந்தது. ஆறு மாதம் என்ற வரி தெளிவாக இருந்தது. என் கையில் இருந்தது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 67-வது பிரிவை வழக்குகளில் அதிகம் பேர் எடுப்பதில்லை. வாக்களித்த வேலையைச் செய்யத் தேவையான நியாயமான வசதியை வேலை வாங்குபவர் செய்து தராவிட்டால், அதனால் வேலை நடக்காமல் போனதற்கு வேலை செய்பவர் பொறுப்பல்ல என்கிறது அது. சட்டமே தரும் உதாரணம், ஒருவர் வீட்டைப் பழுது பார்க்க இன்னொருவர் ஒப்புக்கொண்டது பற்றியது. எங்கெங்கே பழுது என்று வீட்டுக்காரர் காட்டவில்லை, அல்லது காட்ட மறுத்துவிட்டார். செய்பவர் விடுபட்டார். இதை எழுதியவர்கள் காலத்தில் மோட்டார் பஸ்ஸே இல்லை. ஆனாலும் கடலூர்–சிதம்பரம் தடத்துக்கு என்றே எழுதியது போல இருந்தது.

பழுதைக் காட்ட வேண்டியது யார் பொறுப்பு என்பதற்கு "லிஸ்ட் நாளைக்கு அனுப்பறேன் தம்பி" போதும். ஒப்பந்தம் சொல்லாமல் விட்டதை முதலாளியின் வாயே முதல் மாதத்தில் சொல்லிவிட்டது. தாமதத்துக்கு 55-வது பிரிவு கைகொடுத்தது. ஆறு மாதம் முடிந்த பிறகும் "சீக்கிரம் முடி தம்பி" என்று வேலை வாங்கிக்கொண்டே வந்தார்கள். நஷ்டஈடு கேட்போம் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை; சொல்லாதவர் பிறகு கேட்க முடியாது.

சோர்ஸ் கோடு விஷயத்தில் அவர்கள் நினைத்திருந்தது நம் ஊரில் எல்லோரும் நினைப்பதுதான். காசு கொடுத்தோம், பொருள் எங்களுடையது. பதிப்புரிமைச் சட்டம், 1957 அப்படிச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் நிரலும் அதன்படி இலக்கியப் படைப்பு. சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதினால் முதலாளிக்கு உரிமை. ஒப்பந்த வேலையாக வெளியாள் எழுதினால், எழுதியவருக்கே உரிமை. அதை மாற்றிக்கொடுக்க வேண்டுமானால் 19-வது பிரிவின்படி கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். ஒன்றரைப் பக்கத்தில் அது இல்லை.

வாட்ஸ்அப்பை நிரூபிப்பதுதான் கொஞ்சம் வேலை வாங்கியது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. மின்னணு ஆவணத்துக்கான பழைய 65பி சான்றிதழ் இடத்தில் 63-வது பிரிவு. சான்றிதழில் இப்போது இரண்டு பகுதி: முதல் பகுதி கட்சிக்காரர் கையெழுத்து, இரண்டாவது பகுதி நிபுணர் கையெழுத்து, அதோடு கோப்பின் ஹாஷ் மதிப்பு. பர்மிட் டைமிங்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டு வாங்கினோம். உரிய காலத்துக்குள் வந்துவிட்டது. முதலாளிகள் ஒரு வருஷமாகத் தராத லிஸ்ட் பத்து ரூபாய்க்குக் கிடைத்ததைப் பார்த்து என் கட்சிக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் மாதமே யாராவது அவருக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

பதில் நோட்டீஸ் விரிவாக அனுப்பினேன். அதில் ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டேன்: இது சேவை ஒப்பந்தம், மதிப்பு 3 லட்சத்துக்கு மேல், ஆகவே வணிக நீதிமன்றச் சட்டம், 2015-ன் கீழ் வரும் தகராறு. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கை 12ஏ பிரிவின்படி மத்தியஸ்தத்துக்குப் போகாமல் தாக்கல் செய்ய முடியாது. இது கட்டாயம் என்று பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் மூத்தவர், வீம்பு பிடிக்காதவர். கட்டை மடக்கி வைத்துவிட்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மத்தியஸ்த மனுப் போட்டார். அதற்குள் ஃபெஞ்சல் புயல் வந்து, தென்பெண்ணை வெள்ளத்தில் கடலூர் சில நாள் தத்தளித்தது. முதலாளிகள் வண்டி ஓடாத கவலையில் இருந்தார்கள். பேச்சு தொடங்க நாளானது.

அவர்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அதன் பிறகு டீசல், டயர், இன்சூரன்ஸ், பேட்டா எல்லாம் ஏறிவிட்டன. 2021 மே 8 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதே தடத்தில் ஓடும் தனியார் வண்டிக்குப் பாதிக் கூட்டம் போயிற்று என்பது அவர்கள் புலம்பல். ஆப் வந்தால் மாணவர் கூட்டமாவது தங்கள் வண்டியைத் தேடி வரும் என்று நம்பித்தான் 3 லட்சம் போட்டார்கள். ஏமாற்ற வந்தவர்கள் இல்லை. ஆனால் மாணவர்களோ சோதனையிலேயே ஒன்று கேட்டுவிட்டார்கள்: "கவர்மென்ட் பஸ் இல்லாம இந்த ஆப்ப வெச்சு என்ன பண்றது?"

மத்தியஸ்த அறையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது. இந்த மத்தியஸ்தத்துக்கான 2018-ஆம் ஆண்டு விதிகள் அதில் கண்டிப்பு. முடிவில் இரு தரப்பும் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டது இவ்வளவு. முன்பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இரண்டாவது தவணையில் ஒரு பகுதி கிடைத்தது. கோடு எழுதியவரிடமே இருக்கும். முதலாளிகள் டைமிங் லிஸ்ட்டைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும், எந்த நடை எந்தக் கிழமை இல்லை என்பது உட்பட. ஓடும் வண்டியைப் புள்ளியாகக் காட்டுவது கைவிடப்பட்டது. இப்படி எழுதிக் கையெழுத்தானால் அது நடுவர் தீர்ப்புக்குச் சமம்; மீறினால் நேராக நிறைவேற்று மனுதான். ஆக, ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகி, இரு தரப்பும் நொந்து, கடைசியில் கிடைத்தது ஒரு கால அட்டவணை.

பெரிய இடத்திலும் இதே வியாதி உண்டு. சிட்னி நகரத்தில் 2000 ஒலிம்பிக்ஸுக்குள் கொண்டுவர நினைத்த டீ-கார்டு பயண அட்டைத் திட்டத்தை 2008 ஜனவரியில் அரசு ரத்து செய்தது. பிறகு இரு தரப்பும் மாறி மாறிக் கோடிக்கணக்கில் வழக்கு. கட்டண முறையை அரசு எளிமையாக்கித் தரவில்லை என்பது திட்டத்தை எடுத்த கம்பெனியின் வாதம். கருவி தயாராகலாம், யார் எவ்வளவு தூரத்துக்கு என்ன கொடுப்பது என்ற அட்டவணை குழம்பிக் கிடந்தால் என்ன செய்வது? லண்டனில் நேர்மாறு. போக்குவரத்து நிறுவனம் தன் தகவல் எல்லாவற்றையும் திறந்து கொடுத்துவிட்டு ஆப் செய்வதை மற்றவர்களுக்கு விட்டது. அதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு செலவென்றும், நகரத்துக்குக் கிடைக்கும் பலன் ஆண்டுக்கு 13 கோடி பவுண்டு வரை என்றும் 2017-ல் டெலாய்ட் கணக்குப் போட்டது. டெல்லி அரசு ஐஐஐடி-டெல்லியோடு சேர்ந்து 2018-லேயே பஸ் தகவலைத் திறந்துவிட்டது. சென்னையில் மாநகர் பஸ்ஸைப் பார்க்க 2022-ல் 'சென்னை பஸ்' ஆப் வந்தது; பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் 'சென்னை ஒன்' 2025 செப்டம்பர் 22-ல் வந்தது.

கடலூர் மாவட்டத்துப் பயணிக்கு அவ்வளவு பெரிய ஆப் கூட வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 4(1)(பி) பிரிவு, பர்மிட் பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. அந்த விவரத்தோடு டைமிங்கையும் சேர்த்து, அரசு பஸ், தனியார் பஸ், மினி பஸ் என்று பிரிக்காமல், மாவட்டம் மாவட்டமாக இணையத்தில் போட வேண்டும் என்று போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பிடிஎஃப் படமாகப் போட வேண்டாம். கம்ப்யூட்டர் படிக்கும் அட்டவணையாகப் போடுங்கள். ஆப்பைச் செய்ய சிதம்பரம் தெற்கு வீதியில் மூன்று பேர் இருக்கிறார்கள்.